துலையும் தொலைநோக்கியும்

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை ஜோலார்பேட்டையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பெங்களூரை நோக்கியும், மற்றொன்று சேலத்தை நோக்கியும் செல்கின்றன. சோலையார்பேட்டை என்றும் வழங்கும் இவ்வூர் இப்பொழுது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இருப்புப்பாதையோடு சாலை குறுக்கிடும் இடங்களில் நீண்ட தடுப்புக் கம்பம் ஒன்று இருப்பதை எல்லாரும் கண்டிருப்பர். வண்டி வரும் நேரத்தில் அது தாழ்கின்றது. வண்டி சென்றபின் உயர்கின்றது. சாலையின் அகலம் முழுவதையும் மறிக்கும் அத்துணை நீண்ட கம்பத்தைக் காவலர் ஒருவர் பெருமுயற்சியின்றி ஏற்றி இறக்குகின்றார். இஃது எங்ஙனம் இயல்கின்றது? கம்பத்தின் குட்டையான மறுமுனையில் கனத்த இரும்புக் கட்டி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. நீண்ட பக்கத்தின் பாரத்தை அக்கட்டி ஈடுசெய்கின்றது. காவலரின் கை கம்பத்தைச் சுமப்பதில்லை. அதனை அசைப்பது மட்டுமே செய்கின்றது.

இக்கருத்து நம் நாட்டவர்க்குப் புதியதன்று. கிணற்றிலிருந்து நீர் இறைத்த ஏற்றமரத்திற்குத் துலா என்னும் பெயர் உண்டு. சந்தைகளில் முன்னாளில் வழங்கிய வெள்ளிக்கோலும் இவ்வுண்மையைக் கொண்டே இயங்கியது. கோலின் ஒரு முனையில் பண்டம் தொங்கும். தூக்குக் கயிற்றையோ எடையையோ கோலின் நெடுகில் நகர்த்திச் சமன் காண்பர். கோலில் இட்ட வரைகளே பண்டத்தின் நிறையைத் தெரிவிக்கும். வானத்து ஓரைகள் பன்னிரண்டனுள் ஒன்றற்கு நம் முன்னோர் துலாம் என்று பெயரிட்டனர். திருவள்ளுவரும் சான்றோர்க்குத் துலாக்கோலையே உவமையாக்கினார். ஆயினும், வானத்தை நோக்கும் கருவிக்கே அத்துலாக்கோலின் பண்பு வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொலைநோக்கி என்றவுடன் கண்ணாடியையும் வில்லையையுமே உலகத்தார் நினைக்கின்றனர். 1609-ஆம் ஆண்டில் கலிலியோ வானத்தை நோக்கிய நாள்முதல், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதே முதல் வினாவாக இருந்து வருகின்றது. நூறு மடங்கு பெரிதாக்கும் கருவி, காணும் பொருளை மட்டும் பெரிதாக்குவதில்லை; குழல் அடையும் நடுக்கத்தையும் நூறு மடங்கு பெரிதாக்குகின்றது. கண்ணுக்குத் தோன்றாத சிறு அசைவும் கருவியின் வழியே நோக்குங்கால் பெருங்குலுக்கலாகி விடுகின்றது. நல்ல கண்ணாடி இருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்று மனம் சலித்துக் கருவியை மூலையில் வைத்துவிடுவோர் பலர். அவர்தம் குறை பெரும்பாலும் கண்ணாடியில் இல்லை. தாங்கியிலும் சமனிலுமே உள்ளது.

மேலும், விண்மீன் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. புவி தன்னைத்தானே சுற்றுவதால், வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்வதுபோலத் தோன்றுகின்றது; 4 நிமிடத்தில் ஒரு பாகை நகர்கின்றது. முழுமதியின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. நூறு மடங்கு பெரிதாக்கும் கருவியில் ஒரே நேரத்தில் தெரியும் வானப்பரப்பும் பெரும்பாலும் அவ்வளவினதே. ஆகவே, வானத்தின் நடுக்கோட்டருகே உள்ள விண்மீன் ஒன்று இரண்டு நிமிடத்திற்குள் பார்வைப் பரப்பைக் கடந்து மறையும். அதனைத் தொடர வேண்டின், குழலைச் சிறிது சிறிதாக, மிக மெல்ல, ஓயாது நகர்த்துதல் வேண்டும். சமன் இல்லாத குழல் இதற்கு உடன்படாது. ஒரு பக்கம் தானே தாழும். பிடித்து நிறுத்தினால் நிற்கும். விட்டால் மீண்டும் தாழும்.

இதற்கு எளிய வழி என்று சிலர் கருதுவது, தாங்கியின் திருகை இறுக முடுக்கிவிடுதல். முடுக்கினால் குழல் நிற்கும் என்பது மெய்யே. ஆனால் அது சமனால் நிற்கவில்லை, உராய்வால் நிற்கின்றது. விரலால் தள்ளினால் நகராது; சிறிது வலிந்து தள்ளினால் ஒரே பாய்ச்சலாக நகர்ந்து, காண விரும்பிய விண்மீனைக் கடந்து போய்விடும். இறுக்கம் குறையை மறைக்குமேயன்றி நீக்காது. திருகு தளர்ந்திருக்கும்போதும் எத்திசையில் விட்டாலும் அத்திசையிலேயே நிற்கும் குழலே சமனுற்ற குழல். அதற்குப் பின்னரே, தேவையான அளவுக்குத் திருகைப் பிடிப்பது முறையாகும்.

இத்தகைய சமனைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றே போதும். பலகையின் அடிப்பக்கத்தில், சரிபாதியில், உருண்டைக் கழியை நெடுகப் பிளந்த பாதித்துண்டு ஒன்றைக் குறுக்காக அறைதல் வேண்டும்; வளைந்த பக்கம் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். பலகையின் மேற்புறத்தில் குழல் உருளாதவாறு இருபுறமும் இரு சட்டங்களைப் பொருத்துதல் வேண்டும். வெறும் பலகையை மேசையின்மேல் வைத்தால் அது சமனாக நிற்கின்றதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால், அப்பக்கத்து மரத்தைச் சிறிது இழைத்துக் கழிக்கலாம். துலாக்கோலே கோடினால், அது காட்டும் நிறையை யார் நம்புவர்? பின்னர்ப் பலகையின் இரு முனைகளின் கீழும், இரண்டு விரல் இடைவெளி விட்டு, மடித்த துணியை வைத்தல் நலம். குழல் சட்டெனச் சாய்ந்தாலும் ஊறு நேராது.

இனிக் குழலைப் பலகையின்மேல் கிடத்துதல் வேண்டும். வெறுங்குழலைக் கிடத்துதல் பயனற்றது. கண்ணருகு வில்லை, வானில் இடங்காணத் துணைசெய்யும் சிறிய தேடுகுழல், கண்ணாடித் தாங்கி ஆகிய யாவும் நோக்கும்போது இருக்கும் நிலையிலேயே பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும். நோக்கும்போது கழற்றப்படும் மூடி கழற்றப்பட்டிருத்தல் வேண்டும். குழலை முன்னும் பின்னும் நகர்த்த, ஓரிடத்தில் பலகை எப்பக்கமும் சாயாது நிற்கும். அப்பொழுது பலகையின் அடியிலுள்ள கழித்துண்டிற்கு நேர்மேலே குழலில் ஒரு கோடு இடுக. அக்கோட்டின் வழியேதான் குழலின் ஈர்ப்பு மையம் அமைந்துள்ளது. குழல் மேலும் கீழும் திரும்பும் அச்சை அங்கே அமைப்பதே முதல் முறை. எடை மேல் எடையாகக் கட்டிச் சமன்செய்ய முனைவோர், அச்சைச் சரியான இடத்திற்கு நகர்த்தினால் அவ்வெடையே வேண்டாது போகும் என்பதை மறந்துவிடுகின்றனர். கூட்டிய எடை ஒவ்வொன்றும் தாங்கியின் சுமையைப் பெருக்குகின்றது.

எனினும், அச்சைச் சரியாக அமைத்தபின்னும் ஒரு தொல்லை எஞ்சும். கண்ணருகு வில்லையை மாற்றும்போது சமனும் மாறும். முன்னிருந்ததைவிட 200 கிராம் கூடுதலான வில்லை ஒன்றை, அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் பொருத்துவதாகக் கொள்வோம். எடையையும் தொலைவையும் பெருக்கினால் 12,000 வரும். இதனை ஈடுசெய்ய, குழலோடு கட்டிய 600 கிராம் எடையை எதிர்ப்பக்கமாக 20 சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும். அதன் பெருக்கமும் 12,000 ஆகும். நெம்புகோல் விதியைப் பாடமாகப் படித்த மாணவர் அதனைக் கணக்கேட்டில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அதே விதி ஒரு குழலைத் தம் கண்ணெதிரே நிறுத்துவதைக் காணும்போது பெறும் தெளிவை எம்மதிப்பெண்ணும் தராது.

அந்நகரும் எடையையும் வீட்டிலேயே செய்து கொள்ளலாம். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். அங்குக் காலணிக்கும் பைக்கும் தோலை வெட்டியபின் துண்டுகள் மிகுதல் இயல்பு. அத்தகைய தோல்துண்டில் ஒரு சிறிய பை தைத்து, அதனுள் பழைய திருகாணிகளையும் மரைகளையும் இட்டு, நிறுத்து, வாயைத் தைத்துவிடலாம். நீண்ட தோல்வாரில் பக்கிள் ஒன்றைக் கோத்து, பையைக் குழலோடு சேர்த்துக் கட்டலாம். தோல் குழலைக் கீறாது, நழுவாது பற்றும், பக்கிளைச் சிறிது தளர்த்தினால் வேண்டும் இடத்திற்கு நகரும். ஒவ்வொரு வில்லைக்கும் பை நிற்க வேண்டிய இடத்தைக் கண்டு குழலில் ஒவ்வொரு வரை இட்டுவிட்டால், இருளிலும் தடுமாற்றம் இல்லை. முன்னாளைய வெள்ளிக்கோலே தொலைநோக்கிக் குழலாக மறுபிறவி எடுத்தது போலும்!

பையைக் குழலின் எப்பக்கத்தில் கட்டுவது என்பதும் எண்ணத்தக்கது. தேடுகுழல் பெரும்பாலும் குழலின் மேற்புறத்தில் அமைந்திருக்கும். அதன் பாரத்தால் ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலே ஏறிவிடும். அப்பொழுது குழல் கிடைநிலையில் சமனாக நிற்பதுபோலத் தோன்றினும், சிறிது சாய்த்தவுடன் மேன்மேலும் சாயத் தொடங்கும். ஆதலின், தேடுகுழலுக்கு நேர் எதிர்ப்புறத்தில் பையைக் கட்டுதல் வேண்டும். கிடைநிலை, பாதிச்சாய்வு, செங்குத்து ஆகிய மூன்று நிலையிலும் குழலை விட்டுப் பார்த்து, மூன்றிலும் அது நின்றால்தான் சமன் நிறைவுற்றது எனக் கொள்ளலாம். பொருத்திய எடை எதுவும் கழன்று விழாதவாறு கட்டுதலும், வில்லையைக் கழற்றும்போது குழலை ஒரு கையால் பற்றிக்கொள்ளுதலும், ஞாயிற்றை நோக்கிக் குழலை எஞ்ஞான்றும் திருப்பாதிருத்தலும் மறவாது கைக்கொள்ள வேண்டிய நெறிகளாம்.

“இவையெல்லாம் தச்சர்க்கும் தோல்வினைஞர்க்கும் உரிய வேலை, கல்வி கற்கும் மாணவர்க்கு எதற்கு? ஆயத்தமாகக் கிடைப்பதை விலைகொடுத்து வாங்கினால் ஆகாதா?” என்று கேட்போர் உளர். கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. வாங்குதலில் இழிவும் இல்லை. ஆனால், கருவி என்பது எங்கோ யாரோ செய்வது, நாம் விலைகொடுத்துப் பெறுவது என்னும் எண்ணம் ஒரு சிறுவன் நெஞ்சிலோ சிறுமி நெஞ்சிலோ வேரூன்றிவிட்டால், விலை கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு வானமும் இல்லை என்று ஆகிவிடும். இஃது எத்துணைப் பெரிய இழப்பு! வானம் யாரிடமும் விலை கேட்பதில்லை.

இக்கேள்விக்கு விடைகாண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஜோலார்பேட்டைக்குக் கிழக்கே ஏலகிரி மலை எழுந்து நிற்கின்றது. அதற்கும் அப்பால் சவ்வாது மலைத் தொடரில் காவலூர் உள்ளது. அங்குள்ள வானாய்வகத்தில் 1968-ஆம் ஆண்டில் நோக்குப்பணி தொடங்கியபோது பயன்பட்ட தொலைநோக்கி 38 சென்டிமீட்டர் விட்டமுடையது. அது பிறநாட்டில் வாங்கப்பட்டதன்று. கோடைக்கானல் வானாய்வகத்திலேயே செய்யப்பட்டது. காவலூரைத் தேர்ந்து அவ்வாய்வகத்தை நிறுவியவர், 1927-ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்த வானியலறிஞர் வைணு பாப்பு ஆவார். 1972-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டின் செய்சு நிறுவனத்தாரிடமிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வாங்கி அங்கு நிறுவப்பட்டது. 1977-ஆம் ஆண்டில் யுரேனசு கோளைச் சூழ வளையங்கள் உண்டென உலகம் அறிந்தபோது, அதற்குச் சான்று தந்த நோக்கர்களுள் காவலூராரும் இருந்தனர். ஆகவே, வாங்கிய கருவியும் நற்பயன் தந்தது.

ஆனால், வைணு பாப்பு அதனோடு நிறைவுகொள்ளவில்லை. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி ஒன்றை இந்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யவேண்டும் என்று அவர் முனைந்தார். அதன் பெருங்கண்ணாடி பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கூடத்தில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. பணி முடியுமுன்னரே, 1982-ஆம் ஆண்டில் பாப்பு மறைந்தார். அவர்தம் உடன்பணியாளர் அதனை நிறைவேற்றினர். 1986-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் அத்தொலைநோக்கிக்கும் ஆய்வகத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. சிறிய கருவியைத் தம் கையால் செய்து பழகியவர்க்கே பெரிய கருவியைச் செய்யும் துணிவு பிறக்கும் என்பதற்குக் காவலூர் நல்ல சான்றாகும். வாங்கியதன் அருமையை அறியவும் அவர்களால்தான் இயலும்.

பெருங்கருவிக்கும் சிறுகருவிக்கும் சமன் பொதுவான அறம். அமெரிக்க நாட்டில் பாலோமர் மலைமீது 1948-ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்ட 200 அங்குலத் தொலைநோக்கியில் அசையும் பகுதியின் எடை 500 டன் அளவினது. விண்மீன்களைத் தொடர்ந்து அதனைத் திருப்புவது, ஒரு குதிரைத்திறனில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆற்றலுடைய மின்பொறியே. தாங்கியின் எண்ணெய்ப் படலம் உராய்வைப் போக்க, சமன் பாரத்தைப் போக்குகின்றது. பலகையின்மேல் குழலைக் கிடத்தி மையங்காணும் பள்ளிப்பிள்ளை அறிவதும், பாலோமரை அமைத்த பொறியாளர் அறிந்ததும் ஒரே உண்மை. அளவே வேறு.

கழிபொருளைக் கொண்டு கருவி செய்வது இழிவென்று எண்ணுவோர், சான் டாப்சன் என்பாரின் வாழ்க்கையை அறிதல் நன்று. அவர் அமெரிக்க நாட்டில் சான் பிரான்சிசுகோ நகரிலிருந்த வேதாந்த மடத்தில் துறவியாக வாழ்ந்தவர். கையில் பொருள் இல்லாமையால், பழைய கப்பற்சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். தடித்த அட்டைக்குழலையும் மரப்பலகைகளையும் கொண்டு தொலைநோக்கி சமைத்தார். குழலின் ஈர்ப்பு மையத்தில் இருபுறமும் வட்டத்துண்டுகளைப் பொருத்தி, ஒரு பெட்டியின்மேல் அமர்த்தினார், அவ்வளவே தாங்கி. சமன் சரியாக இருந்ததால் வேறு பொறி எதுவும் வேண்டியதாயிற்றில்லை. தெருவோரத்தில் அதனை நிறுத்தி, வழிச்செல்வோர் யாவர்க்கும் மதியையும் கோள்களையும் காட்டினார். 2014-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அவர் காட்டிய முறையில் அமைந்த தொலைநோக்கிகள் உலகெங்கும் பரவியிருந்தன. இன்று அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

ஆதலின், பள்ளிகள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஆயத்தக் கருவி ஒன்றை வாங்கிக் கண்ணாடிப் பேழையில் பூட்டிவைத்து, ஆண்டுவிழாவன்று மட்டும் திறந்து காட்டுவதைவிட, எளிய கருவி ஒன்றை மாணவரும் மாணவியரும் சேர்ந்து செய்து, சமன் கண்டு, மாலைதோறும் வெளியே கொண்டுவருதல் மிகவும் சிறந்தது. கண்ணாடியையும் வில்லையையும் வாங்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் ஒருவரே செய்தல் இயலாது. ஆனால் பலகையும் பையும் வாரும் ஊரிலேயே கிடைப்பன. தச்சுவேலை அறிந்த தந்தையின் மகனும், தோல் தைக்க அறிந்த தாயின் மகளும் அன்று வகுப்பில் ஆசிரியர்க்கு நிகராக நின்று பிறர்க்குக் கற்பிப்பர். தம் வீட்டுத் தொழிலைச் சொல்ல நாணிய பிள்ளை, அத்தொழிலே விண்ணைக் காட்டும் என்று கண்டு தலைநிமிரும். இப்பயனைக் கடையில் வாங்க இயலுமோ?

நூலறிவு ஒரு தட்டு, கைத்திறன் மறுதட்டு. நூலறிவின் தட்டையே நிரப்பி மற்றதை வெறுமையாக விட்டுவிட்டு, கோல் கோடுகின்றதே என்று வருந்துவதால் பயன் இல்லை. கைத்தட்டிலும் வைக்க வேண்டியதை வைத்தால் கோல் தானே நிமிரும். அவ்வாறு நிமிர்ந்த ஒரு சிறுகுழலை ஒற்றை விரலால் திருப்பி, காவலூர் மலைக்கு மேலே எழும் மதியைத் தன் ஊரிலிருந்தே தொடர்ந்து நோக்கும் பிள்ளை, துலை என்னும் சொல்லின் பொருளை வாழ்நாள் முழுதும் மறவாது.